மழைக்கு முன்னால் சமையலறை போட்டுவிடலாமா?

கேள்வி, 2025 பிப்ரவரி 26

தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் பதினான்குக்குப் பத்து அடியில் ஓர் அறை இழுத்துக் கட்டியிருக்கிறோம். காண்ட்ராக்டர் கிடையாது. கொத்தனாரைத் தினக்கூலிக்கு வைத்து நாங்களே கூட நின்று கட்டினோம். தளம் போட்டு ஒரு மாதம் ஆகிறது. ஜூன் மாதம் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் சமையல் மேடை, கப்போர்டு, மேல் அலமாரி எல்லாவற்றையும் முடித்துவிடலாமா? ப்ளைவுட் போடுவதா, அலுமினியம் போடுவதா?

பிப்ரவரி 27

போடாதீர்கள். ஒரு மழை தாண்டட்டும்.

நாங்கள் இருப்பது புளியரை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகிற வழியில், சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம். நாங்களும் பழைய ஓட்டு வீட்டின் கொல்லைப் பக்கம் பன்னிரண்டுக்குப் பத்தில் ஒரு சமையலறை கட்டிக்கொண்டிருக்கிறோம். ஜனவரியில்தான் தளம். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் கூலியாளோடு சேர்ந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதிலிருந்து கூட நிற்கிறார்கள். நான் கணக்கும் அளவும். ஆகவே நீங்கள் கேட்பது எனக்கு வெளியார் கேள்வி இல்லை.

கான்கிரீட்டுக்கு ஏழிலிருந்து பத்து நாள் தண்ணீர் கட்டி வைக்கிறோம். பூச்சுக்கு மறுபடி தண்ணீர் அடிக்கிறோம். அவ்வளவும் சுவருக்குள்ளேதான் இருக்கிறது. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். ஒன்று செய்து பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிரித்தால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அந்தச் சுவரில் ப்ளைவுட்டைச் சாத்தி வைத்தால் அதன் முதுகு குடிக்கப்போவது அந்த நீரைத்தான்.

இன்னொன்று, பழைய கட்டடமும் புதியதும் சேருகிற இடம். அது எப்படி நடந்துகொள்ளும் என்று மழை பெய்தால்தான் தெரியும்.

மார்ச் 1

முந்தாநாள் எழுதியதை வாசித்துவிட்டு என் தம்பி கேட்டான்: “அப்போ கல்யாணத்துக்குச் சமையல் எங்கே நடக்கும்?” நியாயமான கேள்வி. சொன்னதைக் கொஞ்சம் திருத்துகிறேன். மேடை கட்டலாம், கல் போடலாம், சிங்க் வைக்கலாம், ஒயரிங், குழாய் எல்லாம் முடிக்கலாம். இவை ஈரத்துக்கு அஞ்சாதவை. மரமும் பலகையும் சேர்ந்த எதையும், சுவரில் தொங்குகிற எதையும் மட்டும் நிறுத்தி வையுங்கள். மேடைக்கு அடியில் துணித் திரை போதும். எங்கள் அம்மா வீட்டில் இருபது வருஷம் திரைதான் இருந்தது.

மார்ச் 9

மேடை உயரம். இதைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

கல் வேலைக்கு வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு “முப்பத்திநாலு இன்ச், எல்லா வீட்டுக்கும் அதுதான்” என்றார். எங்கள் வீட்டில் சமைப்பவர்கள் இரண்டு பேர். நான் ஐந்தடி ஐந்து. அத்தை நாலடி பத்து. அத்தைக்கு முப்பத்திநாலு இன்ச் மேடையில் அடுப்பு வைத்தால், அடுப்பு ஒரு நாலரை இன்ச், அதன்மேல் சோற்றுப்பானை ஒரு சாண். பானைக்குள் எட்டிப் பார்க்க அவர் குதிகாலைத் தூக்க வேண்டும். கொதிக்கிற கஞ்சியை அந்த நிலையில் வடிப்பது எவ்வளவு ஆபத்து.

ஆகவே ஒரு வாரம் சோதித்தோம். பழைய சமையலறையில் செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டு, நாளுக்கு ஓர் உயரம். வெங்காயம் அரிந்தோம், மாவு பிசைந்தோம், தேங்காய் துருவினோம். அத்தையின் முழங்கை தரையிலிருந்து முப்பத்தாறு இன்ச், என்னுடையது நாற்பத்தொன்று. அரிவதற்கு முழங்கைக்கு நாலைந்து இன்ச் கீழே இருந்தால் தோள் தூக்காது. மாவு பிசைய இன்னும் கொஞ்சம் கீழே வேண்டும், உடம்பு பாரம் இறங்க. அடுப்புக்கு அதைவிடக் கீழே.

முடிவு: அடுப்பு இருக்கிற நான்கடி மட்டும் இருபத்தொன்பது இன்ச். மீதி முப்பத்திநாலு. நடுவில் ஐந்து இன்ச் படி. கல்காரருக்கு அது பிடிக்கவில்லை, “பார்வைக்கு நல்லாருக்காதும்மா” என்றார். அத்தை வந்து அந்தச் செங்கல் மேடை முன்னால் நின்று, காலி பானையை இரண்டு கையால் தூக்கிச் சாய்த்துக் காட்டினார். அதோடு பேச்சு முடிந்தது.

மார்ச் 10

விட்டுப்போனது: சிங்க் உயரம் தனிக் கணக்கு. பாத்திரம் கழுவும்போது கை போவது சிங்க்கின் அடிக்கு, மேடை விளிம்புக்கு அல்ல. எட்டு இன்ச் ஆழ சிங்க் என்றால் உயரமான பக்கத்தில் வையுங்கள். அத்தைக்கு ஒரு மரப்பலகை போட்டுவிட்டோம், ஏறி நிற்க.

சிங்க்கிலிருந்து வெளியே போகிற பைப்புக்கு வாட்டம் அடிக்குக் கால் இன்ச். எங்களுக்கு எட்டடி ஓட்டம், ஆகவே இரண்டு இன்ச் இறக்கம். தரை போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள தண்ணீர், வாட்டம் குறைந்தால் நடுவில் நின்று கெட்டியாகிவிடும்.

மார்ச் 23

கூடலூர்க்காரர் கேட்கிறார்: “அளவை எங்கிருந்து எடுப்பது? தரையே மேடு பள்ளமாக இருக்கிறது.”

தரையிலிருந்து எடுக்கவே கூடாது. டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, அறை முழுக்கச் சுவரில் மூன்றடி உயரத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அப்புறம் எல்லா அளவும், மேடை, சிங்க், ஸ்விட்ச், ஜன்னல் கட்டை, அந்தக் கோட்டிலிருந்துதான். எங்கள் தரை பன்னிரண்டு அடியில் ஒன்றேகால் இன்ச் சாய்ந்திருந்தது, கண்ணுக்குத் தெரியவே இல்லை.

மூலை செங்கோணமா என்று பார்க்க மூன்று, நான்கு, ஐந்து. ஒரு சுவரில் மூன்றடி, அடுத்ததில் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு வரவில்லை. பழைய சுவர் ஒரு இன்ச் சாய்வு. கிரானைட் கடைக்கு நாடா அளவு மட்டும் கொடுத்தனுப்பியிருந்தால் மூலையில் விரல் நுழைகிற இடைவெளி வந்திருக்கும். பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒட்டி, மேடையின் முழு உருவத்தையும் வெட்டி எடுத்துப்போனோம். அதை வைத்து அறுத்தார்கள். சரியாக உட்கார்ந்தது.

இதே வேலையில் ஒரு விஷயம் தெரிந்தது. பழைய சுவரில் இரண்டு கல் தூணுக்கு நடுவே ஒன்பதரை அடி என்று எழுதி வைத்திருந்தேன். கணக்குப் போட்ட பலகை அரை இன்ச்சுக்குச் சற்று மேல் இடித்தது. மறுபடி மில்லிமீட்டரில் அளந்தால் 2,880. அத்தைதான் சொன்னார், “அது கோல் கணக்குடா, அடிக் கணக்கு இல்ல.” தச்சுக் கோல் ஒன்று 72 சென்டிமீட்டர், இருபத்திநாலு விரல். நான்கு கோல் 288 சென்டிமீட்டர், இம்மி பிசகவில்லை. செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமையில்தானே இருந்தது. இந்த வீட்டைக் கட்டிய ஆசாரி மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். அவர் கையில் இருந்த கோல் இன்றைக்கும் என் கப்போர்டு அளவைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கையில் மனம் நெகிழ்ந்துபோனது. பழைய வீட்டோடு சேர்த்துக் கட்டுகிறவர்கள் அடியை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் அளங்கள். எந்தக் கணக்கில் கட்டியிருந்தாலும் மாட்டிக்கொள்ளும்.

ஏப்ரல் 6

ப்ளைவுட்டா அலுமினியமா என்ற கேள்வியைத் தள்ளிக்கொண்டே போகிறேன் என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். சரி.

ப்ளைவுட்டில் ஐ.எஸ். 303 என்று முத்திரை இருந்தால் சாதா ரகமும் உண்டு, கொதிநீர் தாங்குகிற ரகமும் உண்டு. ஐ.எஸ். 710 என்றால் மரைன் ரகம். சிங்க் அடியில் போடுவதாக இருந்தால் 710 மட்டும். முத்திரையைப் பலகையில் நீங்களே பாருங்கள், பில்லில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அறுத்த ஓரம் எல்லாவற்றையும் மூட வேண்டும். தண்ணீர் நுழைவது மைக்கா வழியாக இல்லை, மூடாத ஓரம் வழியாகவும் ஸ்க்ரூ துளை வழியாகவும்தான்.

அலுமினியம் புனலூர், கொல்லம் பக்கம் நிறையப் போடுகிறார்கள். கரையான் வராது, ஊறாது. ஆனால் கதவு சாத்தும்போது தகர ஓசை. பாரமான பாத்திரத்துக்குத் தட்டு வளைகிறது.

நாங்கள் எடுத்த வழி: கீழே நிற்கிற தடுப்பும் தட்டும் கடப்பைக் கல். ஊறாது, அரிக்காது, எங்கள் ஆட்டுக்கல்லையும் தாங்கும். கதவு மட்டும் அலுமினியச் சட்டம். பலகை என்று கீழே ஒரு துண்டும் இல்லை. கடப்பையில் கீல் மாட்ட முடியாது என்பதால் சட்டத்தைக் கல்லோடு நட்டு போட்டு முடுக்கி, அதில் கீல்.

ஏப்ரல் 19

சிலிண்டர் நுழையவில்லை.

மார்ச் 9ஆம் தேதி எழுதியதை மறுபடி பாருங்கள். அடுப்பு மேடை இருபத்தொன்பது இன்ச். கல்லும் அதைத் தாங்குகிற பலகைக்கல்லும் இரண்டு இன்ச் போனால் இருபத்தேழு. கீழே காலிடிக்காமல் இருக்க நாலு இன்ச் திண்டு எழுப்பியிருந்தோம். மீதி இருபத்திமூன்று. 14.2 கிலோ சிலிண்டரின் உயரமே இரண்டடிக்கு மேல், அதன்மேல் ரெகுலேட்டரைத் திருகக் கை போக வேண்டும். அத்தையின் பானையை நினைத்த நான் பானைக்கு அடியில் நிற்க வேண்டியதை நினைக்கவில்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

தீர்வு: உயரமான பக்கத்தில், மேடைக்கு அடியில் அடுப்பை ஒட்டிய முதல் அறையில் திண்டை உடைத்துவிட்டோம். சிலிண்டர் நேராகத் தரையில் நிற்கிறது. நிரம்பிய சிலிண்டர் முப்பது கிலோவுக்குப் பக்கம். அதைத் திண்டுமேல் தூக்கி ஏற்றுவது என்பதே தவறு, நகர்த்தி உள்ளே விடும்படி இருக்க வேண்டும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடாது, நடுவில் ஒட்டும் கூடாது. எங்களுக்கு ஒன்றே கால் மீட்டரில் எட்டிவிட்டது.

அந்த அறைக்குக் கதவு போடவில்லை. சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தவழ்ந்து தேங்கும். மேலே எத்தனை ஜன்னல் இருந்தும் பயன் இல்லை. பின்சுவரில் தரை மட்டத்தில் ஒரு செங்கல் அளவு துளை விட்டு எலி வராமல் வலை அடித்திருக்கிறோம்.

ஏப்ரல் 20

கதவு இல்லாமல் சிலிண்டர் தெரிந்தால் அசிங்கமாக இருக்காதா என்று கேட்டவருக்கு: தெரியட்டும். குழாயில் வெடிப்பு விட்டால் கண்ணில் பட வேண்டும்.

மே 11

கரண்ட். முன்பு ஒருவருக்குத் தனியாகப் பதில் சொல்லும்போது சமையலறைக்கு ஒரே ஒரு 2.5 சதுர மி.மீ. ஒயர் லைன் போதும் என்று சொல்லியிருந்தேன். தவறு. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர். கூடவே 1,500 வாட் கெட்டில் போட்டால் பதினைந்தைத் தாண்டுகிறது. அந்த நேரம் கிரைண்டரும் ஓடும். மெயினிலிருந்து சமையலறைக்கு 4 சதுர மி.மீ. ஒயர் இழுத்து அங்கே தனிப் பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு 16 ஆம்பியர் பிளக்குக்கும் தனி 2.5 லைன். ஃப்ரிட்ஜுக்கும் தனி. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற ஸ்விட்ச் அது. ஈரக் கையோடு நிற்கிற அறை அது.

மே 26

இந்த வருஷம் கேரளத்தில் மழை மே 24ஆம் தேதியே இறங்கிவிட்டது. வழக்கமாக ஜூன் 1. எங்கள் ஊருக்கு ஆரியங்காவுக் கணவாய் வழியாக அது வந்து சேர அதிக நேரம் ஆவதில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்.சி.சி.பி. விழுந்தது. தூக்கினால் நிற்கவில்லை. வீட்டுக்காரர் டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தார். பழைய வீட்டின் ஓடும் புதுத் தளமும் சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்கி, பூச்சுக்குப் பின்னால் வழிந்து, ஸ்விட்ச் பெட்டிக்குள் போயிருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் சுவர் கரும்பச்சையாக, ஒரு ஆள் உயரத்துக்கு, பளபளவென்று. அந்த இடத்தில்தான் மேல் அலமாரி வருவதாகச் சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருந்தேன். கோடு கரைந்து பாலாக ஒழுகிக்கொண்டிருந்தது.

அலமாரி மாட்டியிருந்தால் அதன் முதுகுக்குப் பின்னால் நடப்பது ஆவணி வரை எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஜூன் 15

காரணம் இரண்டு. ஒன்று, பழைய சுவரில் பட்டை போட்டு மூடிய இடம். வெறும் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தோம், விரிந்துவிட்டது. இரண்டாவது எனக்கு வருத்தமானது. புதுச் சுவரைப் பழைய சுவரோடு பல் விட்டு, அதாவது ஒன்றுக்குள் ஒன்று கோத்து, கட்டச் சொன்னது நாங்கள்தான், கெட்டியாக இருக்கும் என்று. பழைய அஸ்திவாரம் பல தலைமுறையாக இறங்கி அமர்ந்தது. புதியது இப்போதுதான் அமரத் தொடங்குகிறது. இரண்டையும் பல்லால் கோத்துவிட்டால் புதியது இறங்கும்போது பல் உடைந்து சாய்வாக வெடிப்பு ஓடுகிறது. பல் விடாமல் நேர் இடைவெளி விட்டிருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் அசையும், நாம் அந்தக் கோட்டை மட்டும் காத்தால் போதும்.

இப்போது செய்தது: மழை விட்ட நாலு நாளில் வெடிப்பை அகலமாகக் கொத்தி எடுத்து, சிமெண்டுக்குப் பதில் இழுபடுகிற சீலண்ட் அடைத்தோம். மேலே பழைய சுவரில் இரண்டு இன்ச் ஆழத்துக்குக் காடி வெட்டி, அலுமினியத் தகட்டைச் சொருகி, புதுத் தளத்தின் மேல் மடித்து விட்டோம். தகட்டின் கீழ் ஓரத்தைத் தளத்தோடு ஒட்டவில்லை, அசைய விட்டிருக்கிறோம். அதற்கப்புறம் மூன்று நாள் விடாத மழை. சுவர் காய்ந்துகொண்டு வருகிறது.

ஜூலை 6

காற்று. கணவாய் வாயில் இருக்கிறவர்களுக்கு மட்டும் இந்தக் குறிப்பு. ஆடிக்கு முன்னும் பின்னும் மேற்கிலிருந்து வருகிற காற்று எப்படிப்பட்டது என்பதற்கு ஆய்க்குடி, சுரண்டைப் பக்கம் நிற்கிற காற்றாலைகளே சாட்சி. நாங்கள் எக்ஸாஸ்ட் ஃபேனை மேற்குச் சுவரில் வைத்தோம். ஃபேன் வெளியே தள்ள, காற்று உள்ளே தள்ள, புகை முழுதும் அத்தை முகத்தில். கிழக்குச் சுவருக்கு மாற்றிவிட்டோம். பழைய துளையைக் கண்ணாடிச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று, வெளிச்சத்துக்கு ஆகும்.

விறகடுப்பும் வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. மலைக்கு அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் சமையலறைக்கு வெளியே ஒர்க் ஏரியா என்று ஒன்று வைத்து அதில் ஆலுவா அடுப்பு போட்டிருப்பார்கள். அத்தையின் அக்கா வீட்டில் பரிஷத் அடுப்பு இருந்தது, புகை குழாய் வழியே போய்விடும். கொல்லையில் ஆறடி சாய்ப்பு இறக்கி அப்படி ஒன்று போடுவதாக இருக்கிறோம். புகைக்குழாய் ஓட்டு முகட்டைத் தாண்டி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முகட்டில் மோதிச் சுருளும் காற்று புகையைத் திருப்பி அனுப்பும்.

செப்டம்பர் 7

மேல் அலமாரி மாட்டியாயிற்று. புதுச் சுவரில் மட்டும். பழைய சுவர் மண் சாந்தில் கட்டிய கல். அதில் துளை போட்டு ஆங்கர் அடித்தால் சாந்து பொடிப்பொடியாக உதிர்கிறது, ஆங்கரைக் கையால் பிடுங்கிவிடலாம். பாத்திரம் நிறைந்த அலமாரியை அதில் தொங்கவிட எனக்குத் துணிவில்லை. அந்தப் பக்கம் தரையிலிருந்து நிற்கிற கடப்பைத் தட்டுகள், சுவரைத் தொடாமல் இரண்டு இன்ச் விலகி. பின்னால் காற்று ஓடட்டும்.

செப்டம்பர் 9

கூடலூர்க்காரர் எழுதியிருக்கிறார். தங்கை கல்யாணத்துக்கு மேடையும் சிங்க்கும் மட்டும் போட்டு, பந்தி சமையலைக் கொட்டகையில் முடித்தார்களாம். பிப்ரவரியில் சொன்ன பாலிதீன் தாளைப் போன வாரம் ஒட்டிப் பார்த்ததில் ஒரு சொட்டு நீர் இல்லையாம், “இப்போ கப்போர்டு மாட்டலாம் இல்லையா?” என்கிறார்.

தாளை எந்தச் சுவரில் ஒட்டினீர்கள் என்று எழுதவில்லை. பழைய வீட்டோடு சேருகிற சுவரிலும், சிங்க்குக்குப் பின்னாலும், தரையிலிருந்து ஒரு முழ உயரத்திலும் ஒட்டிப் பாருங்கள். மூன்று இடமும் காய்ந்திருந்தால் ஆசாரிக்குச் சொல்லி அனுப்புங்கள்.